கைதட்டலுக்குப் பதில் ஹாரன்

கேள்வி: கொரோனா உச்சத்தில் இருந்த 2020-இல் அமெரிக்கா அதிபர் தேர்தலை நடத்தியதே, கூட்டம் இல்லாமல் என்ன பிரசாரம் செய்திருப்பார்கள்?

பதில்: கூட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மார்ச் 10 அன்று கிளீவ்லாந்தில் பேச இருந்த, ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஜோ பைடனும் பெர்னி சாண்டர்ஸும் தத்தம் கூட்டங்களை ரத்து செய்தார்கள். பிறகு பைடன் டெலவேரில் தன் வீட்டு நிலவறையில் கேமரா முன் பேசிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்தது. டொனால்டு டிரம்ப்புக்கோ எதிரே முகங்கள் வேண்டும். ஜூன் 20 அன்று டல்சாவில் 19,000 பேர் அமரும் அரங்கைப் பிடித்தார். இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே இன்னொரு மேடை வேறு. தீயணைப்புத் துறைக் கணக்குப்படி வந்தவர்கள் சுமார் 6,200 பேர். வெளிமேடையைப் பேச்சே நடக்காமல் பிரித்தார்கள்.

என் மனத்தில் நிற்பது வேறு காட்சி. ஆகஸ்ட் 20 இரவு பைடன் தன் கட்சியின் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தியபோது இங்கே விடிந்திருந்தது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன். நல்ல வரி ஒன்று விழும், அரங்கில் மௌனம். மேடைப் பேச்சுக் கேட்டே வளர்ந்த எனக்குக் கை பரபரத்தது. பேச்சு முடிந்து அவர் வெளியே வந்த பிறகுதான், கார்களில் காத்திருந்த ஆதரவாளர்கள் ஹாரனை அழுத்தித் தீர்த்தார்கள். பின்னர் அவருடைய கூட்டங்கள் பலவும் காருக்குள் இருந்தபடியே கேட்பவை ஆயின. ஹாரனில் ஒரு சிக்கல்: சம்மதத்துக்கும் அதே சத்தம், சலிப்புக்கும் அதே சத்தம்.

கேள்வி: வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பதையும் விட்டுவிட்டார்களா?

பதில்: டிரம்ப்பின் குடியரசுக் கட்சியினர் ஜூனிலேயே கதவு தட்டக் கிளம்பிவிட்டார்கள். ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் தொலைபேசியோடு நின்று, அக்டோபரில்தான் தெருவில் இறங்கினார்கள். தொண்டர்களின் உயிரைக் காக்க எடுத்த முடிவு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அரிசோனாவில் பைடன் வென்றது 10,457 வாக்கு வித்தியாசத்தில், ஜார்ஜியாவில் 11,779 வித்தியாசத்தில். அந்தக் கணக்கைப் பார்க்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

கேள்வி: தபால் வாக்கு பிரசாரத்தை மாற்றியதா?

பதில்: வாக்குக் கேட்ட கையோடு, உறை ஒட்டவும் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. பென்சில்வேனியாவில் சீட்டை ஓர் உறையில் இட்டு, அதை இன்னோர் உறையில் வைத்துக் கையெழுத்திட வேண்டும். உள்ளுறை இல்லாவிட்டால் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அப்படி வரும் சீட்டுக்கு ‘நிர்வாண வாக்கு’ என்று பெயர். வாக்குப்பதிவு நாளுக்கு முன் உறைகளைப் பிரிக்கவும் அங்கே அனுமதி இல்லை. நவம்பர் 3 தேர்தலுக்கு, 7-ஆம் தேதிதான் ஊடகங்கள் வெற்றியாளரைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வேட்பாளருக்கே நோய் வந்தால்?

பதில்: வந்ததே! தொற்று உறுதியானதை டிரம்ப் அக்டோபர் 2 அன்று அறிவித்தார். மூன்று இரவுகள் மருத்துவமனையில். பைடனுடன் அக்டோபர் 15 அன்று நடக்கவிருந்த விவாதத்தைக் காணொளியில் நடத்தலாம் என்றதற்கு அவர் மறுக்க, விவாதமே ரத்தானது. அன்றிரவு இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சேனல்களில் மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். நான் மாற்றி மாற்றி ரிமோட்டை அழுத்தி, இரண்டிலும் பாதிப் பதில்களைத்தான் கேட்டேன்.