வாசகர் கேள்வி பதில்: கொள்ளைநோய் காலத்துச் சட்டங்கள்

தொற்றுநோய் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். மருந்து, தடுப்பூசி பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தால் பாதிக்கு மேல் சட்டக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நோய் வந்தால் டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும். நடுவில் வக்கீலுக்கு என்ன வேலை?

டாக்டர் ஊசி போடுவார், மருந்து எழுதித் தருவார். ஆனால் ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாதே என்று அவரால் சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்தை மூடச் சொல்ல முடியாது, நோயாளி யார் யாரைச் சந்தித்தார் என்று விசாரித்து அரசுக்குத் தெரிவிக்கக்கூட அவருக்கு எழுத்தில் ஓர் அனுமதி இருக்க வேண்டும். அது சட்டத்திலிருந்துதான் வரும். இது ஒன்றும் நேற்று வந்த வழக்கம் இல்லை. ஏட்ரியாடிக் கடலோரத்தில் இருந்த ரகுசா (இன்றைய துப்ரோவ்னிக்) நகரத்தின் பெருமன்றம், பிளேக் பரவும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ஒரு மாதம் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் வரலாம் என்று 1377-லேயே சட்டம் போட்டது. பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தது 1894-ல். மருத்துவத்துக்குக் காரணம் தெரிவதற்கு ஐந்நூறு வருடம் முன்பே சட்டம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சட்டம் சரியாக இல்லாவிட்டால் நல்ல காரியம் செய்கிற அரசும் மாட்டிக்கொள்ளும். 2020 மார்ச் 26 அன்று நியூசிலாந்து ஊரடங்குக்குப் போனது. வீட்டிலேயே இருங்கள் என்று பிரதமரும் அதிகாரிகளும் மேடையில் சொன்னார்கள், போலீஸும் அப்படியே நடந்துகொண்டது, ஆனால் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற முறையான ஆணை ஏப்ரல் 3 வரை எழுதப்படவில்லை. ஒருவர் வழக்குப் போட்டார். ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது: கட்டுப்பாடு தேவையானதுதான், அளவுக்கு மீறியதும் இல்லை, இருந்தாலும் அந்த முதல் ஒன்பது நாள் அதற்குச் சட்ட ஆதாரம் கிடையாது. நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்று நீதிமன்றம் விட்டுவிடவில்லை, பாருங்கள்.

கேள்வி: தொற்று உள்ள ஒருவரோடு ஒரே அறையில் இருந்தேன் என்பதற்காக என்னை இரண்டு வாரம் அடைத்து வைத்தால் நான் மறுக்கலாமா? அந்த நாட்களுக்கான கூலியை யார் தருவார்கள்?

இந்த முறை வந்ததில் நல்ல கேள்வி இதுதான். முதல் பாதிக்குப் பதில் சுலபம். முறையான ஆணை இருந்தால் பெரும்பாலான நாடுகளில் மறுப்பது குற்றம். ஆனால் அந்த ஆணைக்கும் சில நிபந்தனைகள் உண்டு. 1984-ல் இத்தாலியின் சிராகுசாவில் சட்ட அறிஞர்கள் கூடி, உரிமைகளை எப்போது, எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று சில கோட்பாடுகளை எழுதினார்கள். கட்டுப்பாடு சட்டப்படி இருக்க வேண்டும், உண்மையான தேவை இருக்க வேண்டும், அந்தத் தேவைக்கு இதைவிடக் குறைவான கட்டுப்பாடு போதாது என்று காட்ட வேண்டும், பாரபட்சம் கூடாது, அதை எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும்தான் அவசரத்தில் முதலில் மறப்பார்கள். 1900-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிளேக் பயத்தில் சீனர்கள் வசித்த பகுதியைச் சுற்றி வளைத்துத் தடுப்புப் போட்டார்கள். எல்லைக்கோடு எப்படிப் போனது தெரியுமா, அதே தெருக்களில் இருந்த மற்றவர்களுடைய வீடுகளையும் கடைகளையும் சுற்றிக்கொண்டு, அவை மட்டும் வெளியே நிற்கும்படி வளைந்து வளைந்து போனது! நீதிமன்றம் அந்தத் தடுப்பை நீக்கச் சொன்னது.

உங்கள் இரண்டாம் பாதிதான் உண்மையில் தொற்றைத் தடுக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. இங்கிலாந்தின் 1604-ம் ஆண்டு பிளேக் சட்டம் கொடூரமானது. பிளேக் கட்டியோடு வெளியே வந்து ஜனங்களோடு கலந்தால் மரண தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அதே சட்டத்தில், உள்ளே அடைபட்டவர்களுக்குச் சாப்பாடு போடுவதற்காக ஊர்க்காரர்களிடம் வரி வசூலிக்கவும் வழி செய்திருந்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் பட்டினி கிடக்கிறவன் எப்படியும் கதவை உடைத்துக்கொண்டு வருவான் என்று நானூறு வருடம் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் மேரி மாலன் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் ஒரு சமையல்காரப் பெண். தனக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் டைபாய்டைப் பரப்பியவர். 1907-ல் பிடித்து நியூயார்க் அருகே ஒரு தீவில் வைத்தார்கள். இனி சமைக்க மாட்டேன் என்று உறுதி வாங்கிக்கொண்டு 1910-ல் விட்டார்கள். சமையல் வேலையை விட்டால் அவருக்குக் கிடைத்தது துணி துவைக்கும் வேலை, அதில் சம்பளம் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போனார், 1915-ல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் டைபாய்டு பரவியது, திரும்பப் பிடித்து 1938-ல் அவர் சாகும்வரை அதே தீவில் வைத்திருந்தார்கள். அதே நகரில் அவரைப் போலவே கிருமியைச் சுமந்த வேறு பலர் வெளியேதான் நடமாடினார்கள். அவருடைய பிடிவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சம்பள வித்தியாசத்தை யாராவது கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தென்கொரியா இதில் தெளிவாக இருக்கிறது. தனிமையில் வைக்கப்படுகிறவருக்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை உண்டு என்று அங்கே சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் நாட்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். தண்டனைப் பிரிவு கட்டாயம் இருக்கும்.

கேள்வி: உலக சுகாதார நிறுவனம் நினைத்தால் எந்த நாட்டையும் பூட்டலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

முடியாது. அதனிடம் போலீஸும் இல்லை, சிறையும் இல்லை. 2025 மே 20 அன்று உலக சுகாதார மாநாடு ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கையில், ஊரடங்கு போடவோ தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ பயணிகளைத் தடுக்கவோ ஒரு நாட்டுக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்குக் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை, 11 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அதுவும் உடனே அமலுக்கு வந்துவிடாது, நோய்க்கிருமி மாதிரிகளைப் பகிர்வது பற்றிய இணைப்பு முடிந்து 60 நாடுகள் முறைப்படி ஏற்க வேண்டும்.

ஏற்கெனவே அமலில் இருப்பது சர்வதேச சுகாதார விதிமுறைகள். 196 நாடுகள் அதில் கட்டுப்பட்டவை. 2005-ல் திருத்தி எழுதி, 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இதன் கீழ்தான் சர்வதேச அவசரநிலை அறிவிப்பார்கள். கோவிட்டுக்கு அது 2020 ஜனவரி 30-லேயே வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டப்படியான மணியை நிறைய நாடுகள் கண்டுகொள்ளவே இல்லை, மார்ச் 11 அன்று 'பெருந்தொற்று' என்று சொன்ன பிறகுதான் பரபரத்தன. அன்றைக்கு விதிமுறைகளில் அந்தச் சொல்லுக்கு எந்தச் சட்ட மதிப்பும் இல்லை! அதனால்தான் 2024-ல் 'பெருந்தொற்று அவசரநிலை' என்று மேலே ஒரு படியைச் சேர்த்தார்கள், 2025 செப்டம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது.

கேள்வி: நாடுகள் நோயை ஏன் மறைக்கின்றன? தண்டனை கிடையாதா?

தண்டனை இல்லை. உண்மையைச் சொன்னால்தான் தண்டனை மாதிரி ஏதாவது வருகிறது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா புதிய ஒமைக்ரான் வகையைக் கண்டுபிடித்து உடனடியாக உலகத்துக்குச் சொன்னது, சில நாட்களுக்குள் பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அங்கே ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

விதிமுறைகளில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது. சர்வதேச அளவில் அபாயமாகலாம் என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பழைய விதிகளைப் போல மூன்று நோய்களுக்கு மட்டும் என்று இல்லாமல் எந்த நிகழ்வானாலும். 2002 கடைசியில் சீனாவில் தொடங்கிய சார்ஸ் என்ற சுவாச நோய் பற்றி 2003 பிப்ரவரியில்தான் வெளியே தெரிந்தது, அந்த அனுபவத்தின் சூடு இந்த விதியில் தெரியும். அதேபோல, பயணத்தையும் வணிகத்தையும் பெரிதாகத் தடுக்கிற நாடு அதற்கான அறிவியல் காரணத்தைச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முதல் பாதியை மீறியவர்களைத் திட்டுகிறோம், இரண்டாம் பாதியை மீறியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

கேள்வி: அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா?

அந்தந்த நாட்டு அரசியலமைப்பைப் பொறுத்தது. எல்லாரும் எடுத்துக்காட்டுகிற பழைய வழக்கு 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெரியம்மை பரவிய நேரத்தில் ஊசி போட மறுத்த ஒரு பாதிரியாருக்கு ஐந்து டாலர் அபராதம். செல்லும் என்றது நீதிமன்றம். பிடித்துவைத்துக் குத்தலாம் என்று அது சொல்லவில்லை, அதை மறந்துவிட்டு இந்தத் தீர்ப்பை வீசுகிறவர்கள் இரண்டு தரப்பிலும் உண்டு. கட்டாயமாக்குகிற நாடு, ஊசியால் யாருக்காவது கேடு வந்தால் கோர்ட்டுக்கு அலையவிடாமல் இழப்பீடு தருவதற்கும் வழி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மேற்கு ஜெர்மனி 1961-லேயே அப்படி ஏற்பாடு செய்தது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற செவிலியர். அவசரம் என்று கூப்பிட்டால் போகத் தயார். ஆனால் ஏதாவது தவறாகிவிட்டால் யார் பொறுப்பு?

போவதற்கு முன் இதைக் கேட்டது சரி. தற்காலிகப் பதிவு உண்டா, வழக்கு வந்தால் அரசு பொறுப்பேற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் 2020 கொரோனா சட்டம் இரண்டையுமே செய்தது.

கேள்வி: தொடர்பைக் கண்டுபிடிக்க என்று செல்போன் தகவலை வாங்கினார்களே, பிறகு அதை வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

சட்டத்தில் எழுதியிருந்தால் தவிர ஒரு நிச்சயமும் இல்லை. சிங்கப்பூரில் தொடர்பு கண்டறியும் செயலி நோய்த் தடுப்புக்கு மட்டும்தான் என்று சொல்லியிருந்தார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில், குற்ற விசாரணைக்குப் போலீஸும் அதைக் கேட்டு வாங்க முடியும் என்று அரசு ஒப்புக்கொண்டது. ஜனங்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அமைச்சரின் வாக்குறுதிக்கும் சட்டப் பிரிவுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

கேள்வி: அவசர அதிகாரங்கள் வந்தால் போகவே போகாது என்கிறார் என் அண்ணன். உண்மையா?

முடிவுத் தேதி எழுதாவிட்டால் உங்கள் அண்ணன் சொல்வது சரியாகிவிடும். நான் சொன்ன பிரிட்டன் சட்டம் 2020 மார்ச்சில் ஒரு வாரத்துக்குள் நாடாளுமன்றத்தில் அவசரமாக ஓடியது, ஆனாலும் பெரும்பாலான பிரிவுகள் இரண்டு வருடத்தில் காலாவதி, நடுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று வைத்தார்கள். அதே மார்ச் மாதம் ஹங்கேரியில், முடிவுத் தேதியே இல்லாமல் ஆணைகள் மூலம் ஆள அரசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு ஜூனில் அது விலக்கப்பட்டது.

தேதி மட்டும் போதாது, பணத்தையும் பாருங்கள். அவசரத்தில் டெண்டர் இல்லாமல் வாங்குவது தவிர்க்க முடியாததுதான். பிரிட்டனில் முகக்கவசம், பாதுகாப்பு உடை வாங்கும்போது அரசியல் தொடர்பு உள்ளவர்கள் சிபாரிசு செய்த நிறுவனங்களுக்குத் தனிப் பாதை வைத்தார்கள், அந்தத் தனிப் பாதை சட்டத்துக்கு விரோதம் என்று உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொன்னது. அதற்குள் சரக்கு வந்து, பணமும் போய்விட்டது.

கேள்வி: 'சட்டத் தயார்நிலை' என்கிறார்கள். புதிதாக ஒரு சட்டம் போட்டால் தயாராகிவிட்டோம் என்று அர்த்தமா?

இல்லை. மும்பையில் பிளேக் பரவியபோது 1897-ல் பிரிட்டிஷ் இந்தியா போட்ட தொற்றுநோய்ச் சட்டம் மொத்தமே நான்கு பிரிவு. ஆபத்தான தொற்றுநோய் என்றால் எது என்பதற்கு விளக்கம் இல்லை, இழப்பீடு இல்லை, நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரிக்குப் பாதுகாப்பு மட்டும் மறக்காமல் இருந்தது. 2020-ல் அதையே தூசி தட்டி எடுத்து, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டனை என்று சேர்த்துக்கொண்டார்கள். நாடு தழுவிய ஊரடங்கையோ பேரிடருக்காக எழுதிய 2005-ம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு செய்தார்கள்.

தென்கொரியா 2015-ல் மெர்ஸ் என்ற சுவாச நோயில் அடிபட்டது, 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, அவசரத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு விரைந்து அனுமதி தர விதியை மாற்றி வைத்தார்கள். 2020 பிப்ரவரி தொடக்கத்திலேயே முதல் கோவிட் கருவிக்கு அனுமதி கிடைத்தது அதனால்தான். நான் தயார்நிலை என்று சொல்வது இந்த மாதிரி சாதாரண வேலைகளை. ஆணைகளின் வரைவை முன்கூட்டியே எழுதி வைப்பது, கையெழுத்துப் போடும் அதிகாரி ஊரில் இல்லாவிட்டால் அடுத்து யார் என்று தீர்மானிப்பது, மத்திய அரசும் மாநில அரசும் முரண்பட்டால் யார் சொல் நிற்கும் என்று சமாதான காலத்திலேயே பேசி முடிப்பது, நீதிபதி, போலீஸ், சுகாதார அதிகாரி மூவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஒரு கற்பனைத் தொற்றை வைத்து ஒத்திகை பார்ப்பது. இதற்கெல்லாம் திறப்பு விழா கிடையாது, அதனால் செய்ய ஆளும் கிடைப்பதில்லை.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். இந்தத் துறையில் எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் நாட்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தை எடுத்து, முதலில் விளக்கங்கள் இருக்கும் பிரிவைப் படியுங்கள், அப்புறம் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். மேல்முறையீடு, இழப்பீடு, காலாவதி எல்லாம் இருந்தால் அங்கேதான் இருக்கும்.