பிரஸ் மெஷினில் தம்பியின் விரல் போய்விட்டது. 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தம்பிக்கு 25 வயது. கோவையில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் மாதம் 16,000 ரூபாய் சம்பளம். எட்டு நாளைக்கு முன் பவர் பிரஸ்ஸில் வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. ஆஸ்பத்திரி பில்லை முதலாளி கட்டிவிட்டார். 50,000 தருகிறோம், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடு என்கிறார்கள். இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அவன் பழையபடி வேலை செய்ய முடியுமா?

பதில்:

கையெழுத்து வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், தம்பியைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி என்று ஒன்று இருக்கும். விபத்துப் பதிவேட்டின் நகல். அதில் விரல் எப்படிப் போனது என்று எழுதியிருக்கிறார்கள் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

எனக்கும் வலது கைதான். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் நுனிக் கணு. 2018-இல் போனது. கோவை கணபதி பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் மோட்டார் ஸ்டாம்பிங், அதாவது மோட்டாருக்குள் வைக்கும் தகட்டுத் துண்டுகள், அடித்துக்கொண்டிருந்தேன். காலால் பெடல் மிதித்தால் ஒரு அடி, கையால் பீஸை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை டைக்குள் (அச்சுக்குள்) வைக்க வேண்டும். அன்றைக்கு நான் பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் மெஷின் இன்னொரு அடி இறங்கியது. கிளட்ச் சாவி தேய்ந்துபோன பழைய பிரஸ்களில் இது நடக்கும். எங்கள் ஆட்கள் 'ரிப்பீட் ஆயிடுச்சு' என்பார்கள். அதற்கு முந்தின வாரமே இரண்டு முறை ரிப்பீட் ஆகி, சொல்லியும் இருந்தோம். டார்கெட் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார்கள்.

கூட இருந்த பையன் பாவம், துண்டான விரலை எடுத்து, எதிரில் இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, அதற்குள்ளேயே போட்டுக்கொண்டு வந்தான். அப்படிச் செய்யக் கூடாது என்று பிறகுதான் தெரியும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுவிடும். என் விஷயத்தில் அவன் எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. பிரஸ் வெட்டுவதில்லை, நசுக்குகிறது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே சூப்பர்வைசர் என் காதோரம் சொல்லிவிட்டார்: "வீட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிருப்பா. இல்லாட்டி போலீஸ் கேஸ் ஆயிரும், உனக்குத்தான் அலைச்சல்." வலியில் நான் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தேன். டாக்டர் கேட்டபோது சூப்பர்வைசரே முந்திக்கொண்டு கிரைண்டர் என்றார். தகவல் தெரிந்து ஓடிவந்த அம்மா அப்போது பக்கத்தில் நின்றிருந்தாள். "எங்கூட்டு கிரைண்டர் ரிப்பேராயி ரெண்டு வருசமா பரண்மேல கெடக்குதுங்க டாக்டர்" என்றாள். கவர்மென்ட் கொடுத்த கிரைண்டர்தான். டாக்டர் சூப்பர்வைசரை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் மறுபடி கேட்டார். 'வேலை செய்யும் இடத்தில் பவர் பிரஸ்ஸில்' என்று பதிவேட்டில் ஏறியது. அந்த ஒரு வரிதான் இன்றைக்கு வரை எனக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறது. இதில் வேடிக்கை, நான் அடித்துக்கொண்டிருந்ததே கிரைண்டர் மோட்டாருக்கான ஸ்டாம்பிங்.

தம்பியின் காப்பியில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் பதற வேண்டாம். கூட வேலை செய்தவர்கள், அன்றைய வருகைப் பதிவு, தூக்கிக்கொண்டு போன வண்டிக்காரர் என்று சாட்சிக்கு வழி இருக்கிறது. ஆனால் அலைச்சல் பத்து மடங்கு.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஃபேக்டரி என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். தம்பியின் சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடிக்கவில்லை, பதிவே செய்யவில்லை என்றாலும் உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளும். கான்ட்ராக்டர் ஆள் என்று சொல்லியும் தப்ப முடியாது, மெயின் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தாலும் விபத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. காய்ச்சல், தலைவலிக்கு விடுப்பு எடுத்தால்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம்.

விபத்து நடந்தால் கம்பெனி விபத்துப் புத்தகத்தில் எழுதி, இ.எஸ்.ஐ.க்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். எட்டு நாளாகியும் அனுப்பவில்லை என்றால் நீங்களே கிளை அலுவலகத்துக்கு ஏ.ஆர். காப்பியோடு போய் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்குச் சீல் போட்ட நகல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

'உன் தப்புதான், பெடலில் காலை வைத்துக்கொண்டே கையை விட்டாய்' என்று தம்பியிடமும் சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னார்கள். நானும் பல ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இ.எஸ்.ஐ.க்கு யார் தப்பு என்பது முக்கியமே இல்லை. வேலையில் இருக்கும்போது, வேலைக்காகச் செய்தபோது நடந்ததா, அவ்வளவுதான் கேள்வி.

பணக் கணக்கு இரண்டு கட்டமாக வரும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம். எனக்கு அப்போது கணக்கில் காட்டிய சம்பளம் 13,000, நாளுக்கு 500 என்று வந்தது. அதில் 90 சதவீதம் 450 ரூபாய். 95 நாளுக்கு 42,750 ரூபாய் வங்கியில் ஏறியது. உண்மையில் ஓ.டி.யோடு (கூடுதல் நேர வேலை) சேர்த்து 17,000 வரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஓ.டி. பணத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். அப்போது எங்கள் பங்கு 1.75 சதவீதம், அந்தப் பிடித்தம் இல்லையே என்று நாங்களும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். கணக்கில் ஏறாத அந்த நாலாயிரம் விரல் போனபிறகு கணக்குக்கே வரவில்லை. நாலாயிரத்துக்குப் பிடித்திருந்தால் மாதம் எழுபது ரூபாய். எழுபது ரூபாயை மிச்சம் பிடித்தேன்.

இந்தப் பணத்துக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரின் சர்டிஃபிகேட் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் தரும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்கிய நாளோடு இது நின்றுவிடும். கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று முன்கூட்டியே ஃபிட்னஸ் வாங்கிவிடாதீர்கள். இந்தப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

இரண்டாவது கட்டம் மெடிக்கல் போர்டு. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று சதவீதம் போடுவார்கள். விரலுக்கெல்லாம் அட்டவணையே இருக்கிறது: கட்டைவிரல் முழுசாகப் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுசாக 14, அதில் இரண்டு கணு 11, ஒரு கணு 9. நடுவிரல் முழுசாக 12, ஒரு கணு 7. மோதிர விரலோ சுண்டுவிரலோ முழுசாகப் போனால் 7. முதல் முறை இதைப் பார்த்தபோது கசாப்புக் கடை விலைப் பலகை போல இருந்தது. எனக்கு 11-ம் 7-ம் சேர்த்து 18. அந்த 450 ரூபாயில் 18 சதவீதம், நாளுக்கு 81 ரூபாய். ஆயுள் முழுக்க வரும். வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது. சில வருடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் உயர்த்துவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும், அவ்வளவே. போர்டு குறைத்துப் போட்டால் மேல்முறையீடு உண்டு. உங்கள் தம்பி சம்பளம் முழுசாகக் கணக்கில் இருந்தால், 11 சதவீதத்துக்கு நாளுக்கு அறுபது ரூபாய் அளவில் வரும். 25 வயதுப் பையனுக்கு ஆயுள் முழுக்க அறுபது ரூபாய் என்பது 50,000-ஐ மூன்று வருடத்துக்குள் தாண்டிவிடும்.

ஒருவேளை அந்த யூனிட் இ.எஸ்.ஐ.க்குள்ளேயே வராத சின்ன இடம் என்றால், முதலாளியே நஷ்ட ஈடு தர வேண்டும். 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம். 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டதால் உங்கள் காகிதங்களில் வேறு பெயர் இருக்கும். கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, அதில் விரலின் சதவீதம். சம்பளம் 16,000 என்றாலும் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள், 2020-இல் வைத்த வரம்பு அது. 25 வயதுக்கு எண் 216.91. ஆக 9,000-ஐ 216.91-ஆல் பெருக்கி, அதில் 11 சதவீதம்: 2,14,740 ரூபாய். அவர்கள் தருகிறேன் என்பது இதில் கால்வாசிகூட இல்லை. முறையான வழி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு கொடுப்பது. தாமதித்தால் 12 சதவீத வட்டியும் கேட்கலாம். மனுவுக்குக் காலக்கெடு உண்டு, ஆறப்போடாதீர்கள். இ.எஸ்.ஐ.க்குள் வருகிறவர் இந்த வழியில் போக முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

இப்போது கையெழுத்து விஷயம். 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது இந்தச் சட்டத்தில் செல்லாது. செல்லாததை எதற்கு வாங்குகிறார்கள் என்றால், கையெழுத்துப் போட்டவர் பயந்துகொண்டு பிறகு வாயைத் திறக்க மாட்டார் என்றுதான். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பத்திரத்தில் 'என் கவனக்குறைவால்' என்றோ 'வீட்டில்' என்றோ ஒரு வரி சேர்த்திருப்பார்கள், அதுதான் ஆபத்து. முதலாளி ஆஸ்பத்திரி பில் கட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டு, வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று வந்துவிடுங்கள். சண்டை போட வேண்டியதில்லை.

சரி, கைக்கு வருவோம். காகிதத்தில் நான் தப்பித்தேன், கையில்தான் கோட்டை விட்டேன். கட்டுப் போட்ட கையைப் பூப்போல மடியில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்களும் 'அசைக்காதே, அசைக்காதே' என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டைப் பிரித்தபோது அடிபடாத மோதிர விரலும் சுண்டுவிரலும்கூட மடங்கவில்லை. உள்ளங்கைப் பக்கம் விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒன்றோடொன்று கூட்டு வைத்தவை, ஒன்று ஒட்டிக்கொண்டால் பக்கத்து விரலும் முழுசாக மடங்காது என்று பிசியோதெரபி அம்மா விளக்கினார். மூன்றாவது வாரமே வந்திருந்தால் பாதி வலியோடு முடிந்திருக்கும் என்று திட்டவும் செய்தார். தம்பிக்குத் தையல் போட்ட டாக்டரிடம், நல்ல விரல்களை என்றைக்கிலிருந்து அசைக்கலாம் என்று நாளைக்கே கேளுங்கள். கையைத் தொங்கப் போடாமல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும்.

அப்புறம் நுனி. லுங்கித் துணி பட்டாலே கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். அதைத் தொடாமல் பொத்திப் பொத்தி வைத்தால் இன்னும் மோசம். புண் ஆறியபிறகு பஞ்சால் தேய்க்கச் சொன்னார்கள், பிறகு டர்க்கித் துண்டு, பிறகு ஒரு குண்டா நிறைய அரிசிக்குள் கையை விட்டுப் பிசைய வேண்டும். அம்மா ரேஷன் அரிசியில் ஒரு குண்டா எனக்கென்றே தனியாக வைத்தாள். மூன்று மாதத்தில் அடங்கியது. மார்கழிக் குளிரில் மட்டும் இன்றைக்கும் விரைத்து நீலமாகிறது. இல்லாத விரல் நுனி அரிக்கும், அதுவும் உண்மைதான், தம்பி சொன்னால் சிரிக்காதீர்கள்.

சோறு சாப்பிடுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பொரியல் வரும், ரசம் சோறு வழிந்துவிடும். பந்தியில் உட்காரவே கூச்சப்பட்டு ஒரு வருடம் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிடவில்லை. கட்டைவிரலும் மோதிர விரலும் ஆள்காட்டி விரலின் வேலையைத் தாமாகக் கற்றுக்கொண்டன, எப்போது என்று தெரியவில்லை. ரேஷன் கடையில் விரல் வைக்கும் மெஷின் வந்தபோது ஆதார் மையத்துக்குப் போய் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வங்கிக் கையெழுத்தையும் மாற்றிவிடுங்கள்.

பழையபடி வேலை செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். கை முடியும் என்றது, நான் முடியவில்லை. நாலாவது மாதம் அதே யூனிட்டுக்குத்தான் போனேன். பிரஸ் முன்னால் நின்றால் முதுகு நனைந்துவிடும். கடை ஷட்டரைச் சடாரென்று இறக்கும் சத்தத்துக்கே கையை இழுத்துக்கொள்வேன். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மாற்றிக் கேட்டேன், இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள். அளவு பார்க்கும் வெர்னியரைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடிக்கப் பழகினேன். அந்த டேபிளில் கற்றதை வைத்துத்தான் இப்போது வேறு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். தம்பியைப் பிரஸ்ஸுக்கே திரும்பப் போகச் சொல்லி யாரும் தைரியம் ஊட்ட வேண்டாம். போகிறேன் என்று அவனே சொன்னால், கை உள்ளே இருந்தால் இறங்காதபடி சென்சார் வைத்த மெஷினா, இரண்டு கையாலும் பட்டன் அழுத்துகிற மெஷினா என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது, யூனிட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.