பத்திரிகையில் அண்ணன் பெயர்

கேள்வி: லாரி ஓட்டுநராக இருந்த என் அண்ணன் 2002இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டோம். அவருடைய துணிமணிகளை எரித்த அப்பா, இன்றுவரை படத்தை மாட்டவும் விடவில்லை. இப்போது அண்ணன் மகளுக்குத் திருமணம். பத்திரிகையில் அவர் பெயரைப் போட்டால் பழைய பேச்சு கிளம்பும் என்கிறார்கள். அண்ணி வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, உசிலம்பட்டி

பதில்: பெயரைப் போடுங்கள். 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு ஒரு வரி இருந்தால் யாரும் நின்று படிக்கப்போவதில்லை. தகப்பன் பெயர் இல்லாத பத்திரிகைதான் உங்கள் பக்கம் பேச்சைக் கிளப்பும். ஆடி அமாவாசையன்று திருப்புவனம் வைகைக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போதும் இறந்தவரின் பெயரைத்தான் கேட்பார்களே தவிர, இறந்த காரணத்தை அல்ல.

நோயை வெளியில் சொல்வதுதான் உங்கள் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. அண்ணனுக்கு என்ன நோய் என்று தெரிந்த அடுத்த நொடியே ஊரின் பார்வை அண்ணி மீது திரும்பும். அவருடைய மௌனத்துக்கு அந்த அச்சமே காரணமாக இருக்கலாம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமும் தடுக்கிறது. எனவே அண்ணியிடம் தனியாகப் பேசி, அவர் சொல்கிறபடி நடங்கள்.

மகளுக்கு மட்டும் உண்மை தெரிய வேண்டும். அதுவும் மண்டபத்தில் யாரோ ஒரு உறவினர் வாயிலிருந்து தெரியவருவதற்கு முன்பே, தாயின் வாயிலிருந்து. எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை நம் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான் என்பதையும், இன்று அதைத் தவறாமல் உட்கொள்பவர்கள் வேலைக்குச் சென்று நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தந்தை மருந்து எட்டாத காலத்தில் இறந்தவர் என்பது அவளுக்குப் புரியும்.

துணி வழியாக இந்நோய் பரவுவதில்லை. 1987 அக்டோபரில் வாஷிங்டன் திடலில், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர் தைத்த 1,920 துணிகளை அமெரிக்கக் குடும்பங்களும் நண்பர்களும் விரித்து வைத்தார்கள். ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 3 அடி அகலம். இறந்தவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்கள் உண்டு. ஊருக்கு அஞ்சி முழுப் பெயரை எழுதாமல் விட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வெளியில் சொல்லாமலே நினைவைக் காக்க அவர்களால் முடிந்தது.

வேறு படம் இல்லையென்றால், அண்ணனின் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதையே ஸ்டுடியோவில் பெரிதாக்கித் தருவார்கள். அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டாம், மாட்டிவிட்டுச் சொல்லுங்கள்.