கடைத்தெருவில் பார்க்கிங் கட்டணம் வந்தால் கூட்டம் போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர் பெரிய கடைத்தெருவில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக்கடை நடத்துகிறோம். வண்டி நிறுத்த இடமில்லாததால் வழக்கமாக வருகிறவர்கள்கூட பைபாஸில் புதிதாக வந்திருக்கும் பெரிய கடைக்குப் போகிறார்கள். அங்கே பார்க்கிங் இலவசம். இந்த நேரம் பார்த்து நகராட்சி எங்கள் தெருவில் நிறுத்தும் வண்டிகளுக்குக் கட்டணம் போடப் போவதாகச் சொல்கிறது. வணிகர் சங்கத்தில் பாதிப் பேர் கடையடைப்பு என்கிறார்கள். மீதிப் பேர், பலமாடி வாகன நிறுத்தம் கட்டிக்கொடுத்தால் போதும் என்கிறார்கள். கட்டணம் வந்தால் இருக்கிற கூட்டமும் போய்விடாதா?

பதில்: கடையடைப்பு வேண்டாம். பலமாடிக் கட்டடத்தையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். அதற்கு முன்னால் சங்கமே செய்துபார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.

சாதாரண நாள் ஒன்று, சனிக்கிழமை ஒன்று என இரண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு எழுதும் பழக்கமுள்ள இரண்டு பையன்களைக் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது வரை, மணிக்கு ஒரு முறை தெருவை ஒரு சுற்று நடக்கச் சொல்லுங்கள். எந்தக் கடை வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்ணை மட்டும் எழுதினால் போதும். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் செய்கிற கணக்கெடுப்புதான் இது. நாள் முடிந்ததும் நோட்டைப் புரட்டினால், பத்து மணிக்கு எழுதிய எண்ணே ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் திரும்பத் திரும்ப வரும். அந்த வண்டிகள் யாருடையவை என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் கடை முதலாளிகள், கேஷியர்கள், சேல்ஸ் பையன்கள், மாடியில் இருக்கும் டியூஷன் சென்டர் ஆசிரியர்கள், காலையில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வெளியூர் வேலைக்குப் போனவர்கள் என்றுதான் பதில் வரும். வாங்க வந்தவர் வண்டி அதில் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் கடை வாசலில் ஐந்து டூவீலர் நிற்க இடம் இருக்கிறது, கடை பதினொரு மணி நேரம் திறந்திருக்கிறது என்று வையுங்கள். ஐந்து இடத்தையும் காலையிலேயே கடைக்காரர்கள் வண்டி பிடித்துக்கொண்டால், அன்று முழுக்க அந்த இடத்தை அனுபவிப்பது ஐந்து பேர். அதே இடத்தில் ஆளுக்கு முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனால் எழுபது பேர் வந்துபோகலாம். தெரு ஒரு அடிகூட அகலமாகவில்லை. வண்டி மாறுகிற வேகம் மட்டும் கூடியிருக்கிறது. கடைத்தெருவுக்கு உயிர் கொடுப்பது இந்த மாறுதல்தான். நியாயமாகப் போட்ட மணிக்கணக்குக் கட்டணம் செய்கிற முக்கியமான வேலையும் இதுதான்.

‘கட்டணம் வந்தால் கூட்டம் போய்விடும்’ என்ற பயம் புதிதில்லை. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பசடேனா என்ற ஊர். அதன் பழைய கடைத்தெருப் பகுதி ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்தது. தெருவோரம் நிறுத்த இரண்டு மணி நேர வரம்பு இருந்தது, கட்டணம் கிடையாது. கடை ஊழியர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே வந்து காரை நகர்த்திவிட்டு, மறுபடி அதே தெருவில் நிறுத்திக்கொள்வார்கள். வாங்க வருகிறவருக்கு இடம் கிடைக்காது. பார்க்கிங்குக்குக் காசு போடும் மீட்டர் வைக்கலாம் என்று நகர நிர்வாகம் சொன்னதும் வியாபாரிகள், இப்போது உங்கள் சங்கத்தில் சொல்வதையே சொல்லி எதிர்த்தார்கள். கடைசியில் ஒரு உடன்பாடு: மீட்டரில் விழும் காசு அந்தப் பகுதிக்கே செலவாகும். 1993-ல் மீட்டர் வந்தது. நிர்வாகம் அந்த வருமானத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கி நடைபாதை போட்டது, மரம் நட்டது, விளக்கு வைத்தது, அழுக்கடைந்த சந்துகளைச் சரிசெய்தது. வியாபாரம் ஏறியது. பக்கத்திலேயே இலவச பார்க்கிங் வைத்திருந்த ஒரு மால் விற்பனையில் இந்தத் தெருவிடம் தோற்று, பிறகு இடிக்கப்பட்டது. உங்கள் பைபாஸ் கடையை நினைத்துக் கவலைப்படும்போது இதையும் சங்கத்தில் சொல்லுங்கள்.

பைபாஸ் கடையில் பார்க்கிங் இலவசம் என்றீர்கள். அந்தக் காலி மனையின் வாடகையும் தார் போட்ட செலவும் காவலாளி சம்பளமும் அங்கே விற்கும் பருப்பு விலையில்தான் இருக்கிறது. நடந்து வந்து வாங்குகிறவரும் சேர்த்தே கொடுக்கிறார். பார்க்கிங் பரப்பளவில் அவர்களோடு உங்களால் போட்டி போட முடியாது. ஒரு காரைத் திறந்தவெளியில் நிறுத்த, உள்ளே வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்து, நம் நாட்டுத் திட்டமிடலில் 23 சதுர மீட்டர் ஒதுக்குவது வழக்கம். பழைய கடைத்தெருவில் பல கடைகளே அவ்வளவு பெரிசாக இருக்காது. ஆனால் பாத்திரம் வாங்கி, ஜாக்கெட் துணி எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து, நகைக்கடையில் கொலுசைப் பாலிஷுக்குப் போட்டு, பழம் பூ வாங்கி வீட்டுக்குப் போவது ஒரே நடையில் உங்கள் தெருவில்தான் முடியும். அந்த நடையைச் சுகமாக்குவதில்தான் உங்கள் பிழைப்பு இருக்கிறது.

வாடிக்கையாளர்கள் எதில் வருகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பில் போடும் இடத்தில் ஒரு தாள்: பஸ், நடை, டூவீலர், ஆட்டோ, கார். ஒரு வாரம் கோடு போட்டால் போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வியாபாரிகளைக் கேட்டபோது, நூற்றுக்கு 41 பேர் காரில் வருவதாகச் சொன்னார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த கணக்கு 22. சில ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் இரண்டு கடைவீதிகளில் கேட்டபோதும் இதே கதைதான்: வியாபாரிகள் ஐந்தில் ஒரு பங்கு என்றார்கள், உண்மையில் நூற்றுக்கு ஏழு பேர்தான். முதலாளி காரில் வருகிறார், அதனால் எல்லோரும் அப்படி வருவதாக அவருக்குத் தோன்றிவிடுகிறது.

நம் தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டி பஜாரில் 2019-ல் சாலையின் அகலத்தைக் குறைத்து நடைபாதையை விரித்தார்கள். கடைகள் காலியாகிவிடவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் பெரும்பகுதி மாம்பலம் ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் இறங்கி நடந்து வருகிற கூட்டம். அவர்களுக்காகத்தான் அந்த இரண்டையும் இணைத்து 2023-ல் ஆகாய நடைபாலம் திறந்தார்கள்.

பலமாடி வாகன நிறுத்தம் பற்றி. தி.நகர் தணிகாசலம் சாலையில் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கடை வாசலில் சும்மா நிறுத்த முடிகிறவரை, காசு கொடுத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றி விட்டுவிட்டு யார் நடந்து வருவார்கள்? வாசலில் கட்டணம் அதிகமாகவும் கட்டடத்தில் குறைவாகவும் இருந்தால்தான் கட்டடம் நிரம்பும். தெருவை ஒழுங்குபடுத்தாமல் கட்டடம் கட்டினால், கோடிகள் செலவான பிறகும் தெரு அப்படியேதான் இருக்கும். முதலில் தெரு, அப்புறம் தேவைப்பட்டால் கட்டடம். தேவைப்படாது என்பது என் எண்ணம்.

சரி, நகராட்சியிடம் என்ன கேட்பது? எனக்கு மிகவும் கவலை தருவது குத்தகை. நம் ஊர்களில் பார்க்கிங் வசூலை ஏலம் விடுகிறார்கள். பெரிய தொகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். நாள் முழுக்க நிற்கிற வண்டியும் கால் மணி நேரம் நிற்கிற வண்டியும் அவருக்கு ஒரே டோக்கன்தான். நடைபாதையில் ஏற்றி நிறுத்தினாலும் அவருக்கு லாபம், அதனால் தடுக்க மாட்டார். நீங்கள் எதிர்க்க வேண்டியது இந்த முறையை. வசூலிப்பவருக்கு நிர்ணயித்த கூலி, வசூல் முழுக்க நகராட்சிக் கணக்குக்கு, கையடக்க மெஷினில் நேரம் அச்சிட்ட ரசீது, மணிக்கணக்கில் கட்டணம், இரண்டாவது மணியிலிருந்து கூடுதல் என்று கேளுங்கள். இதைவிட முக்கியம், வசூலில் ஒரு பங்கு உங்கள் தெருவுக்கே செலவாகும் என்று நகர்மன்றத் தீர்மானத்தில் எழுதி வாங்குவது. வாய்வார்த்தை போதாது. அந்தப் பணத்தில் முதலில் கேட்க வேண்டியது பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க நான்கைந்து மணி நேரம் சுற்றுகிற அம்மாக்களும் பாட்டிகளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிற தெருக்கள் நம்மிடம் எத்தனை! பார்க்கிங்குக்காகச் சண்டை போடும் சங்கங்கள் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கட்டணம் எவ்வளவு? பார்க்கிங் பொருளாதாரத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்ன அளவுகோல் எளிது. எந்த நேரத்திலும் நூறு இடத்தில் சுமார் 15 காலியாக இருக்க வேண்டும். எப்போதும் நிரம்பி வழிந்தால் கட்டணம் குறைவு, பாதி காலியாகக் கிடந்தால் அதிகம். காலை நேரத்தில் உங்கள் தெரு காலியாக இருப்பதாக நோட்டு சொன்னால், அந்த நேரத்துக்குக் கட்டணமே வேண்டாம் என்று தைரியமாகக் கேளுங்கள்.

உங்கள் பக்கமும் ஒரு பொறுப்பு உண்டு. கடைக்காரர்கள், ஊழியர்கள் வண்டியைத் தெருவை விட்டு எடுக்க வேண்டும். பக்கத்துக் கல்யாண மண்டபங்களின் காலி இடத்தைச் சங்கமே மாத வாடகைக்குப் பேசலாம். முகூர்த்த நாள் தவிர அது சும்மாதான் கிடக்கிறது, முகூர்த்த நாட்களுக்கு மட்டும் மாற்று இடம் பார்த்தால் போதும். லோடு ஆட்டோ சரக்கு இறக்குவதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். நடக்க முடியாதவர்கள் இறங்கி ஏற ஒன்றிரண்டு இடங்களைக் கோடு போட்டுக் காலியாக வையுங்கள். இதற்கெல்லாம் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு இருக்கிறது. பூக்காரம்மா உட்கார்ந்திருப்பதும் தெருவுக்குக் கூட்டம் வர ஒரு காரணம்.

எப்போது தொடங்குவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளி நெருங்கும்போதோ வேண்டாம், முதல் வாரத்துக் குழப்பமே திட்டத்தைக் கொன்றுவிடும். பொங்கல் வியாபாரம் முடிந்து தெரு கொஞ்சம் மூச்சு விடும் தை மாதக் கடைசியில் மூன்று மாத சோதனை முறையாகத் தொடங்கச் சொல்லுங்கள். சித்திரையில் அதே பையன்களை அதே நோட்டோடு இன்னொரு முறை நடக்கவிட்டு, இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு ஆணையரைப் பாருங்கள்.