சராசரி .350, பட்டியலில் பெயர் இல்லை: ஏன்?

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். எனக்குப் பிடித்த வீரரின் பேட்டிங் சராசரி .350. ஆனால் லீக் பட்டியலில் .320 வைத்திருப்பவர் முதலிடத்தில் இருக்கிறார், நம்மவர் பெயரே இல்லை. அணி 122 ஆட்டங்கள் ஆடிவிட்டது. காயத்தால் பல வாரம் வெளியே இருந்த அவர் பேட் பிடிக்க வந்தது 340 முறைதான். சராசரியில் முதலிடம் பிடிப்பவருக்கான பட்டத்துக்கு அவருக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, மயிரிழையில். அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 3.1 வீதம் ஒருவர் பேட் பிடிக்க வந்திருந்தால்தான் பட்டியலில் இடம். 122 ஆட்டத்துக்கு அது 378. அதனால்தான் உங்கள் ஆள் இல்லை. சீசன் முடிவில், 162 ஆட்டத்துக்கு, 502 வேண்டும். அவருக்கு இன்னும் 162 தேவை, ஆட்டம் மிச்சம் 40, அதாவது ஆட்டத்துக்கு நாலுக்குச் சற்று மேல். வரிசையில் முதலில் இறங்குபவருக்கு ஆட்டத்துக்கு நாலரை வாய்ப்பு போலக் கிடைக்கும். கீழ்வரிசைக்காரருக்கு நாலுகூடத் தேறாது. ஆக, அவர் எந்த இடத்தில் இறங்குகிறார் என்று பாருங்கள்.

இந்த 502 என்பது பிளேட் அப்பியரன்ஸ், பேட் பிடிக்க வந்த மொத்த முறை. சராசரிக்கு ஹிட்டை, அதாவது பந்தை அடித்துத் தளம் சேர்ந்த முறைகளை, வகுக்கும் எண் வேறு, அது அட்-பேட். வாக் (நாலு தவறான பந்தால் அடிக்காமலே முதல் தளம் போவது), உடலில் பந்து படுவது, சாக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகி சக வீரரை முன்னேற்றுவது) எல்லாம் முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. 1954இல் தகுதிக்கு 400 அட்-பேட் கேட்டார்கள். டெட் வில்லியம்ஸுக்கு பந்துவீச்சாளர்கள் பயந்து பயந்து 136 வாக் கொடுத்ததில், அவருடைய அட்-பேட் 386இல் நின்றுவிட்டது. அவர் சராசரி .345; பட்டம் போனதோ .341 எடுத்த பாபி அவிலாவுக்கு. நன்றாக ஆடியதற்கே தண்டனை! சில ஆண்டுகளில் விதியை பிளேட் அப்பியரன்ஸ் கணக்குக்கு மாற்றினார்கள்.

சரி, 502 தொடவில்லை என்றால்? அப்போதும் கதை முடியாது. குறைகிற எண்ணிக்கையை ஹிட் இல்லாத அட்-பேட்டாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்படியும் சராசரி முதலிடத்தில் நின்றால் பட்டம் அவருக்கே. 1996இல் டோனி க்வின் 498இல் முடித்தார். நாலு வெற்று அட்-பேட் சேர்த்தபோது .353 என்பது .349 ஆனது, அடுத்திருந்த எல்லிஸ் பர்க்ஸ் .344தான். உங்கள் வீரர் 492 வாய்ப்பில், 430 அட்-பேட்டுக்கு 150 ஹிட்டோடு முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி .349. பத்து சேர்த்தால் 150/440, அதாவது .341. அப்போதும் .320காரர் பின்னால்தான்.

இந்த விதிக்கு ஒரு விசித்திர விலக்கும் நடந்தது. 2012இல் மெல்கி கப்ரேரா .346 வைத்திருந்தார், வாய்ப்பு 501. ஆனால் ஊக்கமருந்துக்காகத் தடைபட்டிருந்ததால், தனக்கு அந்தச் சலுகை வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டார். பட்டம் அதே அணியின் பஸ்டர் போஸிக்கு, .336இல். என் பார்வையில் அது சரியான முடிவு.

இன்னொன்று, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக்கும் நேஷனல் லீக்கும் தனித்தனிப் பட்டம் கொடுப்பவை. நடுவில் லீக் மாறினால் இரண்டிலும் எடுத்ததைச் சேர்த்துக் கூட்ட மாட்டார்கள். 1997இல் மார்க் மக்வையர் மொத்தம் 58 ஹோம் ரன் அடித்தும் எந்த லீக்கிலும் முதலிடம் இல்லை: அமெரிக்கனில் 34, நேஷனலில் 24.

ஹோம் ரன், ஹிட் போன்ற மொத்தக் கணக்குகளுக்குத் தகுதி எல்லை கிடையாது. இணையத்தில் பார்க்கும் சராசரிப் பட்டியலில் மட்டும் தகுதி பெற்றோரை வடிகட்டும் பொத்தானை அணைத்துவிடுங்கள். உங்கள் ஆள் தெரிவார். ஒரே நாள் ஆடி 1.000 வைத்திருப்பவர்களும் கூடவே மேலே வந்து நிற்பார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.