பழைய ரியர் புரொஜெக்‌ஷன் டிவிக்குப் புது பல்ப் போடலாமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலுள்ள 50 அங்குல டிஎல்பி டிவியில் (பல்பின் ஒளியை நுண்ணிய கண்ணாடிகள் வழியாகத் திரையின் பின்புறம் வீசும் ரகம்) படம் மங்கிவிட்டது, பல்புக்குச் செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருந்தால் பெரும்பாலும் பல்ப்தான். உள்ளே இருப்பது உயர் அழுத்தப் பாதரச விளக்கு, சில ஆயிரம் மணி நேரம்தான் உழைக்கும். 6,000 மணி என்று வைத்தாலும் தினம் 4 மணி நேரம் பார்க்கிற வீட்டில் நாலு வருடத்தில் முடிந்துவிடும், அதனால் இதைப் பழுது என்று நினைக்காதீர்கள், கார் டயர் மாதிரி தேய்கிற பொருள் இது. ஆனால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் கோளாறு அந்த நுண்ணிய கண்ணாடிகள் இருக்கும் டிஎம்டி சில்லில், பல்புக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம்.

ஜாலான் பாசார் பக்கம் இருக்கும் மின்னணுப் பொருள் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பல்பைத் தாங்கும் கூண்டோடு வாங்காமல் பல்பை மட்டும் வாங்கினால் விலை குறையும், மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது.

சாம்சங் 2006இல் எல்இடி ஒளி, மிட்சுபிஷி 2008இல் லேசர் ஒளி என்று இதே ரகத்தில் இந்த பல்பே தேவைப்படாத டிவிகளைக் கொண்டுவந்தும் தட்டைத் திரை முந்திவிட்டது. மிட்சுபிஷியும் 2012இல் இந்த ரக டிவிகளை நிறுத்திக்கொண்டது. அதனால் பல்ப் விலை புது தட்டைத் திரை எல்இடி டிவி விலையில் பாதியைத் தொட்டாலே நான் வாங்க மாட்டேன். அப்புறம், பழைய பல்பில் பாதரசம் இருக்கிறது, குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.