முருகன் துணையும் மூன்று ஆஸ்கரும்

கேள்வி: மூன்று முறை ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் நடிகர் வால்டர் பிரென்னன் கடைசி வரை வெறும் துணை நடிகராகவே இருந்துவிட்டாரே, கதாநாயகனாகும் ஆசை அவருக்கு வரவே இல்லையா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: 'வெறும்' என்ற சொல்லை உங்களிடமே திருப்பி அனுப்பிவிடுகிறேன், 'துணை'யை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். லாரியின் நெற்றியில் 'முருகன் துணை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஓட்டுநர்தான் பெரியவர், முருகன் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் என்று இதுவரை யாரும் பொருள் கொண்டதில்லை. கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் குலதெய்வம் துணை நிற்கிறது. இருட்டில் தனியே போகிறவருக்கு வழித்துணை வேண்டியிருக்கிறது. வாழ்க்கைத்துணை என்றால் இரண்டாம் நிலை என்று வீட்டில் விளக்கம் சொல்லிப் பார்க்கும் துணிவு எனக்கில்லை. யார் இல்லாவிட்டால் ஓர் அடிகூட நகர முடியாதோ அவரைத்தான் தமிழ் துணை என்றது. அரசு அலுவலகங்கள் வந்து துணை ஆட்சியர், துணைச் செயலாளர் என்று பலகை மாட்டிய பிறகுதான் அந்தச் சொல் ஒரு படி கீழே இறங்கியது. எங்கள் அலுவலகத்திலும் ஒரு துணை ஆசிரியர் இருக்கிறார். என் பதில்களைப் பாதியாக வெட்டும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அவர் எழுதியதில் ஒரு வரியை வெட்டும் அதிகாரம்கூட என்னிடம் இல்லை.

குணச்சித்திர நடிகர் என்று எழுதக் கூடாதா என்று வழக்கம்போலக் கடிதம் எழுதப்போகும் அன்பர்களுக்கு, இந்தப் பக்கத்தில் பல முறை சொன்னதையே திரும்பச் சொல்கிறேன்: குணமும் சித்திரமும் இவர்களுக்கே உரியவை என்றால், கதாநாயகனுக்கு எஞ்சுவது தலைமுடி மட்டுமே. ஆகவே துணை நடிகர் என்பதே இருக்கட்டும். நம் பட உலகில் அந்தச் சொல் கூட்டத்தில் ஒருவராக நின்று தினக்கூலி வாங்குபவரையும் குறிக்கும் என்பதால், பிரென்னனுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்துகிறது. 1894இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்து, முதல் உலகப் போரில் பீரங்கிப் படையோடு பிரான்சுக்குப் போய்த் திரும்பிய அவர், லாஸ் ஏஞ்சலிஸில் மனை வணிகத்தில் இறங்கி நல்ல பணம் பார்த்தார். 1920களின் நடுவில் மனை விலை சரிந்தபோது, பார்த்த பணம் பார்த்தபடியே போயிற்று. கலைத் தாகத்தால் அல்ல, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகவே அவர் ஸ்டுடியோ வாசலில் போய் நின்றார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கூட்டத்தில் ஒரு முகமாகவும், அடிபட்டு விழுபவராகவும், ஒற்றை வரி பேசிவிட்டு மறைபவராகவும் கழிந்தன.

1932இல் ஒரு விபத்தில் அவருடைய முன்பற்கள் போயின. பல் போனால் சொல் போச்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. இவருக்கோ பல் போன பிறகுதான் சொல்லே கிடைத்தது, அதாவது வசனம். பொய்ப்பல்லை மாட்டினால் நாற்பது வயது, கழற்றினால் எழுபது என்று ஒரே சம்பளத்தில் இரண்டு ஆள் கிடைத்தால் எந்தத் தயாரிப்பாளருக்குத்தான் கசக்கும்? 1935இல் 'பார்பரி கோஸ்ட்' படத்துக்காகத் தம்மிடம் அனுப்பப்பட்ட இவரைப் பற்றி, இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் பிற்காலப் பேட்டிகளில் ஒரு கதை சொல்வதுண்டு. வசனத்தைப் படித்துக் காட்டும்படி அவர் கேட்க, 'அதோடு படிக்கட்டுமா, அது இல்லாமலா?' என்றாராம் பிரென்னன். எதோடு என்று ஹாக்ஸ் விழிக்க, 'பல்லோடுதான்' என்று பதில் வந்ததாம். சில நாள் வேலைக்கென்று வந்தவரை ஹாக்ஸ் பல வாரங்கள் அனுப்பவே இல்லை. அதன்பின் பல ஆண்டுகளும் விடவில்லை. 'ரெட் ரிவர்' படத்தில் இவருடைய பொய்ப்பல் சீட்டாட்டத்தில் ஒரு செவ்விந்தியரிடம் பறிபோய், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் இரவலாகத் திரும்பி வரும். மாட்டு மந்தையும் துப்பாக்கிச் சூடுமாகப் போகும் ஒரு பெரும் படத்தில் ஒரு பல் செட்டுக்குத் தனிக் கிளைக்கதை கிடைத்திருப்பது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

இனி நீங்கள் சொன்ன மூன்று ஆஸ்கர். துணை நடிகருக்கென்று விருது ஏற்பட்டதே 1936ஆம் ஆண்டின் படங்களுக்குத்தான். அதன் முதல் பரிசு 'கம் அண்ட் கெட் இட்' படத்துக்காக இவருக்குப் போனது. 1938இல் 'கென்டக்கி', 1940இல் 'தி வெஸ்டர்னர்' என்று மேலும் இரண்டு. துணை நடிகருக்கான பரிசை மூன்று முறை வென்ற ஆண் இன்றுவரை இவர் ஒருவரே. ஆனால் அந்த மூன்று முறையும் அவர் கையில் கொடுக்கப்பட்டது நாம் படத்தில் பார்க்கும் பொன் சிலை அன்று, ஒரு பலகை. முழுச் சிலை நாயகருக்கும் நாயகிக்கும்தான். துணைகளுக்கு அது 1944ஆம் ஆண்டு விழாவில்தான் முதன்முதலாகக் கிடைத்தது. ஆக, ஆஸ்கர் வழங்கும் அகாடமியும் நம் அரசு அலுவலகங்களைப் போலத்தான் துணை என்பதைப் புரிந்துகொண்டிருந்தது.

இந்த வெற்றிகளைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் உண்டு. அப்போது கூட்டத்தில் நிற்கும் எக்ஸ்ட்ரா நடிகர்களுக்கும் ஆஸ்கர் வாக்குரிமை இருந்தது. தங்கள் வரிசையில் நின்று சென்ற ஒருவருக்கு அவர்கள் வாக்குகளை அள்ளிக் கொட்டினார்கள் என்றும், அந்த உரிமை பின்னர் பறிபோனதற்கு இவருடைய வெற்றிகளும் ஒரு காரணம் என்றும் ஹாலிவுட்டில் சொல்வார்கள். முதல் இரண்டைப் பாசத்தின் கணக்கில் எழுதினால் நான் சண்டைக்கு வர மாட்டேன். மூன்றாவதை எழுத விட மாட்டேன். வில்லியம் வைலர் இயக்கிய அந்தப் படத்தில் நாயகன் கேரி கூப்பர். பிரென்னன் ஏற்றது சாராயக் கடையையே நீதிமன்றமாக்கி, தமக்குப் பிடிக்காதவர்களைத் தூக்கில் போடும் ராய் பீன் என்ற டெக்சாஸ் நீதிபதியின் வேடம். ஈவிரக்கமற்ற அந்தக் கிழவன், நேரில் கண்டே இராத லில்லி லாங்ட்ரி என்ற நாடக நடிகையின் படங்களுக்கு முன்னால் மட்டும் பள்ளிப் பையனாகிவிடுவான். அவளுடைய நாடகத்தைத் தான் ஒருவனாகப் பார்ப்பதற்காக அரங்கின் எல்லா டிக்கெட்டுகளையும் வாங்கி, பழைய போர்ச் சீருடையை மாட்டிக்கொண்டு காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். திரை விலகும்போது மேடையில் நிற்பது அவள் அல்ல, துப்பாக்கியோடு கூப்பர். படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கூப்பரின் முகம் நினைவில் இல்லை; அந்தக் காலி அரங்கம்தான் நிற்கிறது.

ஆனால் துணை என்ற சொல்லுக்கு உரிய பழைய பொருள் ஹாக்ஸின் படங்களில்தான் முழுதாகத் தெரிகிறது. 'டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்' படத்தில் நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட். அவருடைய படகில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடிகாரக் கிழவர் பிரென்னன். இருவருக்கும் வயது வேறுபாடு ஐந்தே ஆண்டுகள்தான் என்றால் நம்புவீர்களா? செத்த தேனீ உன்னைக் கடித்ததுண்டா என்று புதிதாக வருபவர்களையெல்லாம் அந்தக் கிழவர் கேட்பார். பைத்தியம் என்று முகம் சுளித்தவர்கள் அவர் மனத்தில் தேறமாட்டார்கள், அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கும் நாயகி லாரன் பகால் உடனே தேறிவிடுவார். போகார்ட் நல்லவனா என்று நாம் தெரிந்துகொள்வதும் அவர் அந்தக் குடிகாரரை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதைப் பார்த்துத்தான். 1959இல் வந்த 'ரியோ பிராவோ' படத்திலும் அதுவே. சிறையைக் காவல் காக்கும் நொண்டிக் கிழவர், தம்மை யாரும் பாராட்டுவதில்லை என்று ஓயாமல் புலம்புவார். ஒருநாள் ஊர்க் காவல் தலைவரான ஷெரீஃபாக வரும் நாயகன் ஜான் வெய்ன் குனிந்து அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் கொடுக்க, பதிலுக்குத் துடைப்பத்தால் ஓர் அடி விழும். அந்தப் படத்தில் ஷெரீஃப் வாங்குகிற அடிகளில் நியாயமான அடி அது ஒன்றே.

திரைத் தாத்தாவை வீட்டுத் தாத்தா என்று எண்ணி உருக வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1972 அமெரிக்க அதிபர் தேர்தலில் நிக்சனே போதாது என்று, அவரைவிடக் கடுமையான வலதுசாரியான ஜான் ஷ்மிட்ஸை ஆதரித்தவர் அவர். நடிப்பைப் பார்த்து ஆளை முடிவு செய்யும் வழக்கத்தை நாம் எப்போதுதான் விடப்போகிறோம்?

கதாநாயக ஆசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆசைப்படாமலே அதுவும் வந்தது. 1957 முதல் 1963 வரை ஓடிய 'தி ரியல் மெக்காய்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரைத் தாங்கியவர் ஆமோஸ் தாத்தாவாக வந்த பிரென்னன்தான். அதற்கும் மேலே, எழுபது வயதைக் கடந்தபின், 1967இல் டிஸ்னியின் 'தி நோம்-மொபைல்' படத்தில் நம் ஊர் நாயகர்களே பொறாமைப்படும்படி இரட்டை வேடம் கட்டினார். ஒரு வேடம், காடுகளை வெட்டிப் பணக்காரரான மர வியாபாரி. மற்றொன்று, அந்தக் காட்டில் வாழும் 943 வயதுக் குள்ளர். தமக்கு உதவ வந்தவர்தான் தம் காட்டை அழித்தவர் என்று தெரிந்ததும் குள்ளர் கொதித்துப்போய் வியாபாரியோடு மல்லுக்கு நிற்பார். அந்த இரண்டு பிரென்னன்களில் யார் யாருக்குத் துணை என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எங்கள் துணை ஆசிரியர் வெட்டாமல் விட்டால் வெளியிடுகிறேன்.